எட்டு இருபது வரை ரேவதி

உள்ளே வந்த கிருபாவதி முதலில் பார்த்தது கயலின் அப்பாவை அல்ல, சுவரில் தொங்கிய நாள்காட்டியை. நேற்றைய தாள் இன்னும் கிழிபடாமல் இருந்தது. அவளே அதைக் கிழித்துக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, இன்றைய தாளின் பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். பிறகுதான் தரையில் கிடந்தவர் பக்கம் திரும்பினாள்.

"ரேவதி. காலை எட்டு இருபது வரைக்கும் இருக்கு" என்றாள். "உசுரு எப்பப் போச்சு?"

"இப்பத்தாங்க்கா. பக்கத்து வீட்டு ரேடியோவுல ஆறே முக்கால் செய்தி ஆரம்பிச்சது. அப்ப ஒருக்கா மூச்சை இழுத்தாக. அதோட சரி."

மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரியைக் கூப்பிட ஓடியபோது கயலுக்கு அழுகை தொண்டை வரைக்கும் வந்திருந்தது. கிருபாவதி நாள்காட்டியைப் படித்த விதத்தைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது. கிருபாவதி தெருக்கதவைத் தாழிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். கயலின் தோளை அழுத்தி அப்பாவின் தலைமாட்டில் உட்காரவைத்துவிட்டு, தானும் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அழுகாத கயலு. எட்டு இருபது தாண்டட்டும். இப்பச் சத்தம் வெளிய போச்சுன்னா வீட்டப் பூட்டணும். நீ எங்க போவ? வாடகை இல்லாம நான் எங்க போவேன்?"

ரேவதியில் உயிர் போனால் அடைப்பு. போன வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும். அந்திக்கு வாசற்படியில் விளக்கு ஏற்றலாம், உள்ளே ஆள் புழங்கக் கூடாது. புழங்கினால் அந்த வீட்டிலேயே இன்னொரு உயிர் போகும் என்று பழனிசெட்டிபட்டியில் பயப்படாதவர் கிடையாது. ரேவதி முடிந்து அசுவினி பிறந்துவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆக, கயலின் அப்பா மலைச்சாமி இன்னும் ஒன்றரை மணி நேரம் சாகாமல் இருக்க வேண்டும் என்று கிருபாவதி முடிவுசெய்துவிட்டாள்.

அது தவறு என்று கயலுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எம்.எஸ்ஸி. கணிதம் கடைசிப் பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. பரீட்சை எழுத ஒரு கூரை வேண்டும். அந்தக் கூரை எவ்வளவு சுலபத்தில் கிடைக்கும் என்பது அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

கல்லூரி விடுதியில் முதுகலைப் பிள்ளைகளுக்கு இடம் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். கடமலைக்குண்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்துபோனதில் முதல் வருஷத்தில் இரண்டு பாடம் கோட்டைவிட்டிருந்தாள். இரண்டாம் வருஷம் கொஞ்சம் ஓடிய பிறகு அப்பா ஒரு வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவளோடு வீடு தேடப் புறப்பட்டார். நான்கு நாளில் பதினோரு வீடு. தனிப் பொம்பளைப் பிள்ளைக்கு இல்லை என்றார்கள். என்ன ஆளுக என்று கேட்டுவிட்டு, இப்போதுதான் வேறு ஆள் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார் என்றார்கள். ஓர் அம்மாள் கயலைத் தலையிலிருந்து கால் வரை பார்த்து, பிள்ளை படிக்கிற முகமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேண்டாம் என்றாள். அப்பா ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார். பதினோராவது வாசலில் மாட்டும்போது ஒரு செருப்பின் வார் அறுந்தது.

பன்னிரண்டாவது, இந்த வீடு. வெள்ளையடித்த வாசம் போகாத முன்னறையும் சமையல்கட்டும். பின்னறை மட்டும் பூட்டியிருந்தது. பழைய சாமான் கிடக்கிறது, சாமி படமும் இருக்கிறது, அந்திக்கு நானே வந்து வாசலில் விளக்கு வைத்துவிட்டுப் போவேன் என்றாள் கிருபாவதி. குடும்பமாக இருந்தால் மட்டும்தான் என்று அவளும் சொன்னாள். உடனே அப்பா, நானும் மகள் கூடத்தான் இருப்பேன் என்று வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னார். சொன்ன பிறகு அந்தப் பொய்யை மெய்யாக்கத் தோட்டத்தை மகன் கர்ணனிடம் விட்டுவிட்டு, தேனியில் ஒரு பருத்திக் கடையில் சாக்குத் தைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பூட்டிய அறையைப் பற்றிக் கயல் மேலே எதுவும் கேட்கவில்லை. வீடு கிடைத்த சந்தோஷத்தில் யார் கேட்பார்கள்?

ஏழு மணி ஆயிற்று. அப்பாவின் வாய் பாதி திறந்தபடி இருந்தது. கயல் தாவணியைக் கிழித்துத் தாடையைக் கட்டப் போனாள். கிருபாவதி கையைப் பிடித்தாள்.

"வேணாம். யாராவது திடீர்னு எட்டிப் பாத்தா? உசுரோட இருக்கவருக்கு யாரு தாடை கட்டுவா?"

கயல் துணியை மடியில் வைத்துக்கொண்டாள். நேற்று மாலையிலிருந்தே அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். வாயு என்று சொல்லிச் சோடா வாங்கிக் குடித்தார். விடியும்போது வேர்த்துக் கொட்டியது, ஆட்டோ பிடிக்கிறேன் என்று எழுந்தவளின் கையை விடவே இல்லை. அந்தப் பிடியில் இன்னும் வலி இருந்தது. அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள், பிறகு அவர் கையைப் பார்த்தாள். அழ வேண்டும் என்று உடம்பு முழுக்கத் தவித்தது. தாவணித் துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

ஏழரைக்கு யாரோ கதவைத் தட்டினார்கள்.

"ஏத்தா கயலு, குழாயில தண்ணி வருது. குடத்த எடுத்துட்டு வரலியா?" பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள்.

கயல் வாயைத் திறந்தாள். கிருபாவதி முந்திக்கொண்டாள். பிள்ளைக்குப் பரீட்சை, படிக்கிறது, நான் வாடகைக் கணக்குப் பேச வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று சிரித்தே பேசினாள். பிணத்துக்கு எதிரே உட்கார்ந்து ஒருத்தியால் அப்படிச் சிரிக்க முடியும் என்று கயல் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். வெளியே காலடி உடனே நகரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் சந்தனம்மாள் நின்றுகொண்டிருப்பது கீழிடுக்கில் நிழலாகத் தெரிந்தது. குடம் நிரம்பி வழியும் சத்தம் கேட்ட பிறகுதான் போனாள்.

ஈ ஒன்று வந்து அப்பாவின் உதட்டில் உட்கார்ந்தது. கயல் விரட்டினாள். மறுபடி வந்தது. எட்டு இருபது வரை அவள் செய்த வேலை அது ஒன்றுதான்.

எட்டரைக்குக் கிருபாவதி எழுந்து ஜன்னலைத் திறந்தாள். தாழ்ப்பாளை நீக்கினாள். "இப்ப அழுகு தாயி" என்றாள். அவள் குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது, அதுதான் கயலுக்குப் பொறுக்கவில்லை. அழுகை வரவில்லை. கிருபாவதிதான் முதலில் குரல் எடுத்தாள். தெரு ஓடிவந்தது.

ஓடி வந்தவர்களில் சந்தனம்மாள்தான் தாடை கட்ட உட்கார்ந்தாள். இரண்டு விரலால் மோவாயை ஏந்தினாள். வாய் மூடவில்லை, தாடை விறைத்திருந்தது. அழுத்தினாள். பிறகு நிமிர்ந்து கயலைப் பார்த்தாள்.

"எப்பப் போச்சுங்கற?"

"எட்டரைக்கு" என்றாள் கிருபாவதி.

சந்தனம்மாள் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, பூட்டிய கதவோரம் கிடந்த அப்பாவின் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கயலையும் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு அழைத்துப் போனாள்.

"இந்தப் பாய அவரு எதுக்கு அந்தப் பூட்டுன கதவுக்குக் குறுக்க போட்டாருன்னு தெரியுமா ஒனக்கு?"

அங்கே காற்று வருகிறது என்று அப்பா சொல்லியிருந்தார். வந்த இரண்டாவது வாரத்திலிருந்து அங்கேதான் படுத்தார். பூட்டிய கதவிலிருந்து என்ன காற்று வரும் என்று கணிதம் படிக்கிறவள் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

சந்தனம்மாள் குரலைத் தாழ்த்தினாள். நீங்கள் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் கிருபாவதியின் மாமியார் அந்த அறையில்தான் போய்ச் சேர்ந்தாள், அன்றைக்குச் சதயம், அடைப்பு முடியாமலேயே முன்கட்டை வாடகைக்கு விட்டுவிட்டாள், உள்ளூரில் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்பதால் வெளியூர் ஆளாகப் பார்த்துப் பிடித்தாள் என்றாள். "நான்தான் ஒங்கப்பாகிட்டச் சொன்னேன். பிள்ளையக் கூட்டிக்கிட்டு வேற எடம் பாருங்கன்னேன். அதுக்கு அவரு, பிள்ளைக்குச் சொல்லிராதம்மா, இனி அலைய முடியாது, நான் குறுக்க படுத்துக்கிறேன், அது பிள்ளைகிட்டப் போகணும்னா என்னையத் தாண்டித்தான போகணும், அப்பிடின்னாரு."

கயல் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அழுகை வந்தது. சந்தனம்மாள் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. பாயை முற்றத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

பதினொரு மணிக்கு அம்மாவும் அண்ணனும் ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். அம்மா சங்கிலியம்மாள் இறங்கும்போதே தலைமுடி அவிழ்ந்திருந்தது. அப்பாவின் நெஞ்சில் விழுந்து வெகுநேரம் கிடந்தாள். அண்ணன் கர்ணன் ஓரமாக நின்று மூக்கைச் சிந்தினான். பிறகு ஊரில் பெரியவர்கள் கேட்டுவரச் சொன்னதைக் கேட்டான்.

"மணி என்ன இருக்கும் கயலு? பஞ்சாங்கம் பாக்கணும்னாக."

கிருபாவதி மாடிப்படியில் நின்றிருந்தாள். சந்தனம்மாள் வாசலில் நின்றிருந்தாள். இருவரும் கயலையே பார்த்தார்கள்.

"எட்டரை" என்றாள் கயல்.

கர்ணன் வெளியே போய்ப் போனில் அதை ஊருக்குச் சொன்னான். அடைப்பு இல்லையாம் என்று அவன் சொல்வது உள்ளே கேட்டது. கிருபாவதி படியேறிப் போய் வந்தவர்களுக்குக் காப்பி போட்டு எடுத்து வந்தாள். நல்ல காப்பிதான். கயலுக்கு இறங்கவில்லை.

அப்பாவைக் குளிப்பாட்டி, கோடித் துணி போர்த்தி, வேனுக்குத் தூக்க ஆள் சேர்ந்தார்கள். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கிருபாவதியிடம் போனாள்.

"தாயி, பிள்ளைக்குப் பரீட்சை இருக்கு. வீட்ட வேற ஆளுக்குக் குடுத்துராதீக. பதினாறு முடிஞ்சதும் நான் இவகூட வந்துர்றேன். குடும்பம்னு ஒரு ஆளு வேணும்ல? அவருக்கு எடம் என்ன, எனக்கு எடம் என்ன. பின் கதவுகிட்டக் காத்து வரும்னு ஊருக்கு வாரப்பெல்லாம் சொல்லுவாரு. நான் அங்கனயே படுத்துக்கிறேன். நல்ல வேளை, அடைப்பு இல்லாமப் போச்சு."

கிருபாவதி சரி என்று தலையாட்டினாள். சந்தனம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடைப்பில் தனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்று கயல் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். அம்மாவின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அந்த முகம் அவள் சொன்ன எட்டரையை அப்படியே நம்பியிருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. அப்பா செத்தபோதுகூட அவ்வளவு பயம் வரவில்லை.

"ஆறே முக்காலும்மா" என்றாள்.

அம்மாவுக்கு விளங்கவில்லை.

"ஆறே முக்காலுக்குப் போயிருச்சு. ரேவதியில. நாந்தான் மாத்திச் சொன்னேன். அந்தக் கதவுக்கு உள்ள ஏற்கெனவே ஒரு அடைப்பு இருக்கு. அப்பாவுக்குத் தெரியும். நீ இங்கன வர வேணாம்மா."

தூக்க வந்தவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் வாசல் வரை பின்வாங்கினார். அம்மா பூட்டிய கதவைப் பார்த்தாள், அதன் முன்னால் வெறுமையாக இருந்த தரையைப் பார்த்தாள். நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போன கை பாதியிலேயே நின்று, சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

கிருபாவதி சண்டை பிடிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணரை மணி நேரம் கம்முனு இருந்தியே பிள்ள, இப்ப என்ன வந்துச்சு ஒனக்கு" என்று மட்டும் கேட்டாள். புருஷன் விட்டுப் போன பிறகு இந்த வாடகையில்தான் அவள் வீட்டு உலை கொதித்தது. இனி கீழ்வீடு முழுவதும் ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும், அதற்குப் பிறகும் எவரும் வருவார்களா என்பது சந்தேகம்தான். அது கயலுக்குப் புரிந்தது.

பூட்டினால் ஆறு மாதம் திறக்கக் கூடாது என்பதால் சாமான்களை அப்போதே எடுத்தாக வேண்டியிருந்தது. கர்ணன் ஸ்டவ்வையும் பாத்திரத்தையும் சாக்கில் போட்டான். வேனில் வேறு இடம் இல்லை. கயலின் புத்தகக் கட்டை அப்பாவின் காலடியில் வைத்தார்கள். கடைசி ஆள் வெளியே வந்ததும் கிருபாவதியே பூட்டைப் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

வேன் மெல்லத்தான் போயிற்று. வீரபாண்டித் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுப்பவர்கள் மஞ்சள் துணியில் கூட்டங்கூட்டமாக எதிரே நடந்து வந்தார்கள், வேனில் கிடந்த பிணத்தைப் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். கயல் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பு குலுங்காமலிருக்க ஒரு கையால் பிடித்திருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் பரீட்சைக்கு இரண்டு நாள் மிஞ்சும். மனம் தானாகவே அந்தக் கணக்கைப் போட்டுவிட்டது. அவள் அதைத் தடுக்கவில்லை.

தேனிக்குள் நுழையும் இடத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வேன் நின்றது. சாலையோரத்துப் புது வீடு ஒன்றின் இரும்புக் கதவில் அட்டை ஒன்றைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். வீடு வாடகைக்கு, குடும்பத்தினருக்கு மட்டும் என்று எழுதி, கீழே போன் நம்பர். கயல் அப்பாவின் மேலிருந்த கையை எடுக்காமல், உதட்டை அசைத்து அந்த நம்பரை ஒரு தடவை படித்தாள். மறுபடி படித்தாள். மகள் அப்பாவிடம் ஏதோ சொல்லிக்கொள்கிறாள் என்று நினைத்து அம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.