அசருக்கு முன் ஒரு கணக்கு இலக்கம்

வாப்பாவின் தம்பியான சாச்சா தனது வங்கிக் கணக்கு இலக்கத்தை சிகரட் பெட்டி அட்டையொன்றில் எழுதி, திரைச்சீலைக்குக் கீழால் அறைக்குள் தள்ளிவிட்டார்.

"மகள், அத அந்தக் கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடு. வேல முடிஞ்சுது," என்று அந்தப் பக்கமிருந்து சொன்னார். கதிரை கிரீச்சிட்டது. அவர் போகவில்லை.

வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டு மாதமாகிறது. உம்மா இத்தாவில் இருக்கிறார். நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வெளியே இறங்கமாட்டார், அந்நிய ஆண்களின் முன்னால், சாச்சாவின் முன்னாலும், வரமாட்டார். ஆனால் குசினிக்குள் மாசிக் கருவாடு இடித்து, சம்பல் வதக்கி, போத்தலில் அடைப்பதை நிறுத்தவில்லை. நான் படம் எடுத்து பேஸ்புக்கில் போடுவேன். கூரியர்காரர் சாமானைக் கொடுத்துக் காசு வாங்கி வருவதுதான் இதுவரை எங்கள் முறை. வாங்கியவர் போன் எடுக்கவில்லை என்று திரும்பி வரும் பெட்டிகளில் எண்ணெய் கசிந்து எறும்பு மொய்த்திருக்கும்.

கொழும்புக் கடை நோன்புக்கென்று இருநூறு போத்தல் கேட்டிருந்தது. கடைக்காரர் முற்பணத்தைக் கணக்கில்தான் போடுவாராம். "அசர் தொழுகைக்கு முந்தி நம்பர் வரணும் தங்கச்சி. இல்லாட்டி நான் வேற ஆள்ட்ட எடுப்பன்," என்று காலையில் குரல்பதிவு அனுப்பியிருந்தார்.

உம்மாவுக்குக் கணக்கு இல்லை. எனக்கு வயது போதாது. போன் கம்பெனியின் வழியாக வாங்கலாமென்றால் சிம் வாப்பாவின் பெயரில் இருக்கிறது. "மௌத்தான மனிசர்ட பேரிலயா காசு வாங்கிற?" என்று உம்மா அதைத் தொடவிடவில்லை. வங்கி அட்டையால் பணம் வாங்கும் இணையப் பக்கமொன்றைத் திறக்க வியாபாரப் பதிவு கேட்டார்கள். அதற்குப் பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். மிஞ்சியவை இரண்டு. ஒன்று சாச்சாவின் சிகரட் அட்டை. மற்றது, வீட்டிலிருந்தே போனில் கணக்குத் திறக்கவிடும் ஒரு வங்கி. அதற்கு வீடியோவில் முகம் காட்டவேண்டும்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த அன்று, சும்மா நின்றால் பெட்டரி செத்துவிடும் என்று சொல்லித்தான் சாச்சா வாப்பாவின் ஓட்டோவைக் கொண்டுபோனார். இப்போது அதன் பின்கண்ணாடியில் அவருடைய மகன் அர்கமின் பெயர் பெரிய எழுத்தில் மினுங்குகிறது.

உம்மா சிகரட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத அனுப்பினா நாளைக்குப் போத்தல்லயும் அர்கம்ட பேர ஒட்டிருவாரு," என்று என் காதுக்குள் சொன்னார். சிரிக்கவில்லை. பிறகு, "மௌலவிட பொஞ்சாதியிட்டக் கேட்டன். தேவைக்கு முகம் காட்டலாம் எண்டு சொன்னா. நீ பேங்குக்குப் போட்டுப் பாரு. பொம்பள ஆளா இருந்தா நல்லம்," என்றார்.

உம்மாவின் பெயரில் போட்ட விண்ணப்பத்தில் மொழி கேட்டார்கள், தமிழ் என்று போட்டேன். பெண் உத்தியோகத்தர் வேண்டுமென்று சொல்ல ஓரிடமும் இருக்கவில்லை. மூன்று மணிக்கு, அசருக்குக் கொஞ்சம் முந்தி, அழைப்பு வந்தது. திரையில் கண்ணாடி போட்ட ஓர் இளைஞர்.

"வணக்கம், நான் நிரோஜன். றம்லா மேடம் இருக்கிறாவா?"

உம்மா போனைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டுக்கு ஆள் வந்தாலே கதவுக்குப் பின்னால் போய்விடுகிறவள் நான். இருந்தும் போனை எடுத்துக் கேட்டேன்.

"சேர்... பொம்பள ஆள் ஒராள் இல்லையா?"

"இண்டைக்கு அவ லீவு. நாளைக்கு எண்டா எடுக்கலாம்."

நாளை என்றால் கொழும்புக்காரர் வேறு ஆளிடம் போய்விடுவார்.

வெளியே கதிரை நகர்ந்தது. "மதினி, உள்ளுக்க ஆரு ஆம்பிளக் குரல்?"

"பேங்கு," என்றார் உம்மா.

"இத்தாவில இருக்கிற பொம்பள வீடியோவில கதைக்கிறதா? நாலு பேர் கேட்டா என்ன சொல்லுவாங்க? என்ட நம்பர் இரிக்கேக்க உங்களுக்கு என்னத்துக்கு இந்த வேல?"

குசினியில் அடுப்பை அணைக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் மணத்தது. ஆனாலும் நான் அசையவில்லை.

"தம்பி ரஸாக்," என்றார் உம்மா, திரைச்சீலையைப் பார்த்து. "ஓட்டோவக் கொண்டுபோகேக்க நாலு பேர்ட்டக் கேட்டா கொண்டுபோனீங்க?"

கதிரையிலிருந்து அவர் எழும்பும் சத்தம் கேட்டது.

"லைன் இருக்கா?" என்று போன் கேட்டது. "மேடம் வெளிச்சத்துக்கு வாங்கோ. முகம் முழுசாத் தெரியோணும்."

உம்மா யன்னலோரம் நகர்ந்தார். முக்காட்டை நெற்றியிலிருந்து விரலளவு பின்னால் தள்ளினார். இரண்டு மாதமாக வெயில் படாத முகம். அதை நானே இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் போன் சரிந்து சரிந்து, அந்த முகம் சட்டத்துக்கு வெளியே போய்ப் போய் வந்தது.

"ஆட்டாதீங்கோ, தங்கச்சி. மேடம், இப்ப கண்ண மூடித் திறவுங்கோ."

திரைச்சீலையின் விளிம்புக்குக் கீழே சாச்சாவின் இரண்டு பாதங்களும் வந்து நின்றன. பெருவிரல்கள் உள்ளே நீண்டிருந்தன. சீலையின் ஓரத்தை ஒரு கை பற்றியது.

உம்மா அந்தப் பக்கம் திரும்பாமல், போனுக்கு நேரே கண்ணை மூடினார்.