காணாத கனவுக்கு ஏழு ரொட்டி

ரவுஷானின் வலது கை முழங்கைவரை மாவுக்கட்டில் இருந்தது. தன் வீட்டுச் சமையலறையில் இடது கையால் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"சும்மா நிக்காதடா. எண்ணெயை அடுப்புல ஏத்து" என்றாள். "ஒரு கைல மாவுக்கட்டு, இன்னொரு கைல மாவு. மூக்கு அரிச்சா நீதான் சொறிஞ்சு விடணும்."

குவானிஷ் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தான்.

"இதெல்லாம் இப்ப எதுக்குக்கா? கை சரியாகட்டும்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. செத்தவங்க கனவுல வந்தா ஏழு ஷெல்பெக் ரொட்டி சுடணும். எண்ணெய் வாசம் அவங்களுக்குப் போய்ச் சேரணும். உன் வீட்டு அடுப்புல முட்டைதான் வேகுது. அதான் மார்ஜானுக்கு நானே சுடறேன்."

அவன் மனைவி மார்ஜான் அவன் கனவில் வரவே இல்லை.

அவள் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் விழுந்தாள். மூளையில் நரம்பு வெடித்தது என்றார்கள். அவன் வீட்டுக்கு வந்தபோது குழாய் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் குழாயைத்தான் மூடினான். அதற்கப்புறம் அவன் அழவும் இல்லை, கனவு காணவும் இல்லை. மகள் இங்காரை வெளியே அழைத்துப் போகும்போது, எந்த இடத்திலும் முதலில் வாசல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வான். அது வேலைப் பழக்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

நகர மெட்ரோவில் பாதுகாப்புப் பிரிவு அவனுடையது. போன குளிர்காலத்தில் பூமி ஆடியபோது ஊரே செருப்போடும் போர்வையோடும் பனியில் வந்து நின்றது. அதிலிருந்து மேலிடம் ஒரு முடிவுக்கு வந்தது. மெட்ரோவில் நிலநடுக்கப் பயிற்சி நடத்த வேண்டும், பயணிகளுக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது. தேதி அவனுக்கும் அவன் மேலதிகாரி தொலெகெனுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் மட்டும்தான் தெரியும். முதலில் அபாய மணி, பிறகுதான் 'இது பயிற்சி' என்ற அறிவிப்பு. அதுவும் அவன் யோசனைதான். முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் இருக்கையை விட்டு எழ மாட்டார்கள் என்று கூட்டத்தில் வாதாடி வாங்கியிருந்தான்.

எதிர் வீட்டு ரவுஷான், இங்கார் படிக்கும் பாலர் பள்ளியில் சமையல்காரி. தினமும் காலையில் இங்காரை மெட்ரோவில் அழைத்துப் போவது அவள்தான். அவளை விட்டால் அவனுக்கு வேறு ஆள் கிடையாது. பயிற்சிக்கு முந்தின நாள் மாலை குவானிஷ் அவள் வீட்டுக் கதவைத் தட்டி, "நாளைக்கு இங்காரை நானே கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றான்.

"என்ன அதிசயம்! நானும் ஒரு நாள் கை வீசிக்கிட்டுப் போகலாம்" என்று அவள் சிரித்தாள்.

மறுநாள் மகளைப் பேருந்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தான். மணி அடித்தது. குளிர்காலத்தை மறக்காத ஜனங்கள் மாடிப்படியை நோக்கி ஓடினார்கள். அறிவிப்பு வந்தபோது அதைக் கேட்கும் நிலையில் யாரும் இல்லை. அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கியபோது திரையில் ஒரு பழுப்புக் கோட்டு படியில் சரிந்தது. யாரோ என்று நினைத்தான். தினமும் காலையில் தன் வாசலில் பார்க்கிற கோட்டு அது.

மருத்துவமனையில் ரவுஷான் முதலில் கேட்டது, "இங்கார் எங்கே?" பள்ளியில் பத்திரமாக இருக்கிறாள் என்றதும் அழுதாள்.

"என் கூட வந்திருந்தா என் அடியில கிடந்திருப்பாடா. அன்னிக்குன்னு பாத்து உனக்கு எப்படித் தோணுச்சு?"

"மார்ஜான் கனவுல வந்தா" என்றான்.

அவன் யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. வாயில் தானாக வந்துவிட்டது.

அதை ரவுஷான் மருத்துவமனைக் கூடத்துக்குச் சொன்னாள், கட்டடத்துக்குச் சொன்னாள், பள்ளிக்கும் சொன்னாள். மின்தூக்கியில் பெண்கள் இங்காரின் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான்காம் மாடிக்காரி, "அடுத்த தடவை அவ வந்தா என் பையன் பாஸாவானான்னு கேட்டுச் சொல்லு தம்பி" என்றாள்.

இப்போது முதல் ரொட்டி எண்ணெயில் உப்பி எழுந்தது. வீடெல்லாம் வாசம் பரவியது.

"திங்கட்கிழமையிலேர்ந்து இங்காரை நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள் ரவுஷான். "வேலைக்கும் போகணும். நான் இல்லாம சூப்புல உப்பே இல்லையாம். பிள்ளைங்க அழுவுதுங்களாம்."

திங்கட்கிழமைக்கு அடுத்த வாரத்தில்தான் இரண்டாவது பயிற்சி. தேதி முடிவாகிவிட்டது.

அவள் சூடான ரொட்டியைத் தட்டில் வைத்து நீட்டினாள். "பிஸ்மில்லா சொல்லிப் பிச்சுக்கோ. அவ பேரைச் சொல்லு."

மேசையில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்த இங்கார் நிமிர்ந்தாள்.

"அப்பா, கனவுல அம்மா என்ன டிரஸ் போட்டிருந்தாங்க?"

குவானிஷின் கையில் ரொட்டி சுட்டது. கீழே வைக்கவில்லை.

"நீலமா?" என்றாள் இங்கார்.

"சரியாப் பாக்கலைம்மா. நீ போய் டிவி பாரு."

அவள் போன பிறகு ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"கனவு வரலைக்கா."

"என்ன?"

"அவ ஒரு தடவைகூட வரலை. அன்னிக்குப் பயிற்சின்னு எனக்குத் தெரியும். தேதி குறிச்சதே நான்தான்."

ரவுஷான் அடுப்பை அணைத்தாள். எண்ணெய் மட்டும் இன்னும் சடசடத்துக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் தொலைக்காட்சியில் ஏதோ கார்ட்டூன் கரடி பாடியது.

"பொண்ணை மட்டும் காப்பாத்திக்கிட்டே" என்றாள்.

"ஆமாம்."

"என் நினைப்பே வரலையா?"

"வந்துச்சு."

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது இதைவிடச் சின்னக் குற்றமாக இருந்திருக்கும்.

"உங்ககிட்ட சொன்னா பள்ளிக்கூடம் பூராத் தெரிஞ்சிடும்னு பயந்தேன்."

"சொல்லித்தான் இருப்பேன்" என்றாள் ரவுஷான். சிரிக்கவில்லை. கட்டுப்போட்ட கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். மரக்கட்டையை வைப்பதுபோலச் சத்தம் கேட்டது. "இதைக்கூட விடு. தினமும் உன் பொண்ணு கை என் கைலதான் இருக்கு. நிஜமாவே பூமி ஆடற அன்னிக்கும் என் கைலதான் இருக்கும். நீ எங்கேயோ பொட்டி முன்னால உக்காந்திருப்ப. பிள்ளையை எங்க நிறுத்தணும், எப்படிப் படியேத்தணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறியே, எனக்கு ஒரு நாள் சொன்னியாடா?"

அவன் சொன்னதில்லை. அப்படி ஒன்றை நினைத்ததும் இல்லை.

"அடுத்தது எப்பன்னு சொல்லிடறேன்க்கா."

"வாயை மூடு. எனக்குத் தேதி வேணாம். பூமி எனக்குப் போன் பண்ணிட்டா ஆடப்போகுது? ஆனா அன்னிக்குக் காலைல மட்டும் 'நானே கூட்டிட்டுப் போறேன்'னு என் வாசல்ல வந்து நின்னே, இந்தக் கட்டாலயே மண்டைல போடுவேன்."

அவன் தட்டைப் பார்த்தான். "இந்த ரொட்டியை என்ன பண்றது?"

"வாசம்தான் அவளுக்குப் போய்ச் சேந்துடுச்சே. திருப்பிக் கூப்பிடவா முடியும்? சாப்பிடு. கனவுல வரலைன்னா அவளுக்குப் பசிக்காதா?"

மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். அவன் சாப்பிட்டான். கடைசித் துண்டுவரை தின்று முடித்தான்.

சனிக்கிழமை கட்டடத்து மாடிப்படியில் மூன்று பேரும் நின்றார்கள். மணி அடித்தால் ஓடாதீர்கள், கூட்டம் போகும்வரை தூணுக்குப் பின்னால் நில்லுங்கள் என்றான். குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்து வரக் கூடாது, சுவருக்கும் உங்களுக்கும் நடுவில் விட வேண்டும் என்றான். இங்காருக்கு அது விளையாட்டாக இருந்தது. ரவுஷான் ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்து காட்டச் சொன்னாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்து அவள் பேசவில்லை.

அலுவலகத்தில் தொலெகெனிடம், "இந்தத் தடவை அறிவிப்பு முதல்ல வரட்டும். மணி அப்புறம் அடிக்கலாம்" என்றான்.

"அப்ப ஒருத்தனும் அசைய மாட்டான். நீ சொன்னதுதானே அது?"

"ஆமாங்க. நான் சொன்னது தப்பு."

தொலெகென் சரி என்று தலையாட்டினார். மனைவியை இழந்தவனோடு யாரும் அதிகம் வாதாடுவதில்லை. அந்தச் சலுகையையும் இப்போது பயன்படுத்திக்கொண்டான்.

அந்தக் காலை வந்தது. இங்காரின் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டான். சிவப்புத் தொப்பியை இழுத்துவிட்டான். சரியாக இருந்ததை மறுபடி இழுத்துவிட்டான். இன்றைக்கு இவளுக்கு லேசாகக் காய்ச்சல் என்று சொன்னால் போதும். நாக்கு நுனியில் வந்து நின்றது.

ரவுஷான் வாசலில் நின்றாள். பழுப்புக் கோட்டின் ஒரு கை காலியாகத் தொங்கியது.

"என்னடா காலங்காத்தால இப்படி ஒரு மூஞ்சி?"

"ஒண்ணுமில்லக்கா."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொய்யும் சரியா வராது உனக்கு" என்றாள். பிறகு இங்காரைத் தன் நல்ல கைப் பக்கம் மாற்றிக்கொண்டாள். "வாடி செல்லம். இன்னிக்குச் சுவத்துப் பக்கமா நடப்போம்."

மின்தூக்கிக் கதவு மூடிக்கொண்டது.

கட்டுப்பாட்டு அறையில் தொலெகென் கடிகாரத்தைப் பார்த்தார். குவானிஷ் திரையைப் பார்த்தான். ரயில் வந்தது. கதவு திறந்தது. பழுப்புக் கோட்டும் சிவப்புத் தொப்பியும் இறங்கின. அவன் பொத்தானை அழுத்தினான்.

'இது பயிற்சி' என்ற அறிவிப்பு இரண்டு மொழிகளில் ஒலித்தது. அதன் பிறகு மணி அடித்தது. நடைமேடையில் பாதிப் பேர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இரண்டு மாணவர்கள் சிரித்தார்கள்.

"பாத்தியா? சொன்னேன்ல" என்றார் தொலெகென்.

ஒரு பழுப்புக் கோட்டு மட்டும் உடனே தூணுக்குப் பின்னால் போய் நின்றது. கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே சிவப்புத் தொப்பி ஒடுங்கியது. மற்றவர்கள் மெதுவாகப் படியை நோக்கி நகர ஆரம்பித்தார்கள். கூட்டம் போகும்வரை அவர்கள் இருவரும் அசையவில்லை.

ரவுஷான் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். எந்தக் கேமராவில் அவன் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. இருந்தாலும் நேராகப் பார்த்தாள்.

குவானிஷ் தலை குனிந்துகொண்டான்.