தரக்கூடிய வீடுகள்: ஒன்று

பதினொரு வருடமாகத் தன் கையால் திறந்து பழகிய கதவை வேறொருவன் உள்ளேயிருந்து திறந்துவிட்டால் யாருக்குத்தான் எரியாது? அம்பிகைக்கு வயிறு பற்றி எரிந்தது. ஊரிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் இருக்கிற கட்டடத்தில் நாலு மாடியும் படியால் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கதவைத் திறந்த கீர்த்திகன் அவளுடைய நீலப்பூப் போட்ட ஏப்ரனைக் கட்டியிருந்தான்.

"வாங்கோ அக்கா, உள்ளுக்கு வாங்கோ," என்றான். அவளுடைய வேலை வீட்டுக்கு அவளையே விருந்தாளியாக அழைக்கிறான்.

இத்தாலியின் பலேர்மோவில் இருக்கிற நம்முடைய ஆட்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஊருக்குப் போகிறவர் தன் சிஞ்ஞோராவின், அதாவது எசமானியம்மாவின் வீட்டில் தனக்குப் பதிலாக ஓர் ஆளை வைத்துவிட்டுப் போவார். திரும்பி வந்த அன்றே பதில் ஆள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காதவனோடுகூட இங்கே கதைப்பார்கள், சாவியைத் திருப்பிக் கொடுக்காதவனோடு கதைக்க மாட்டார்கள். கோயிலானாலும் சரி, மாதா கோவிலானாலும் சரி, இந்த ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே வேதம்.

"திங்கக்கிழமையிலையிருந்து நான் வாறன் தம்பி. சாவியைத் தாரும்," என்றாள்.

கீர்த்திகன் ஏப்ரன் நுனியைப் பிடித்துத் திருகினான். "அண்ணை ஒண்டும் சொல்லேல்லையோ? நீங்கள் வேலையை விட்டிட்டியள் எண்டெல்லோ அவர் சொன்னவர். என்ரை பெர்மெசோ அடுத்த மாசம் முடியுது அக்கா. இந்த வேலையைக் காட்டித்தான் இஞ்சை தங்கிற அனுமதியைப் புதுப்பிக்க வேணும்."

அண்ணை என்று அவன் சொன்னது அம்பிகையின் கணவர் கோபாலசிங்கத்தை.

அவள் வாய் திறப்பதற்குள் சிஞ்ஞோராவின் மகள் ஜூலியா உள்ளேயிருந்து வந்தாள். முதுகு வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். எந்த முதுகு வலி என்று கேட்டாள் அம்பிகை. உன் கணவர் கடிதம் கொண்டுவந்து தந்தாரே, இனித் தூக்கிப் பறிக்க முடியாது, வேலையை விடுகிறேன் என்று நீயே கையெழுத்து வைத்திருந்தாயே, அம்மா இரண்டு நாள் அழுதாள் என்றாள் ஜூலியா. ஒப்பந்தம் இப்போது கீர்த்திகன் பெயரில் பதிவாகிவிட்டது. அவனாகப் போனால் நீ வா, எங்களுக்குச் சந்தோஷம். நாங்களாக அவனை அனுப்ப முடியாது என்று கையை விரித்தாள்.

அம்பிகை எந்தக் கடிதத்திலும் கையெழுத்து வைக்கவில்லை. அவளுடைய பெர்மெசோவும் புரட்டாதியில் முடிகிறது. அதைவிட அவளைச் சுட்டது வேறு. சன்னலோரச் சக்கர நாற்காலியில் இருந்த எண்பத்தாறு வயது சிஞ்ஞோரா அவளைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பதினொரு வருடம் குளிப்பாட்டித் தலைவாரிவிட்ட கிழவி, சொல்லாமல் ஓடிப்போனவளைப் பார்ப்பது போலக்கூடப் பார்க்கவில்லை.

கோபாலசிங்கம் பகலில் ஒரு ஹோட்டலில் பெட்டி தூக்குகிறவர். மிச்ச நேரமெல்லாம் புளியந்துறை இந்துக் கல்லூரிப் பழைய மாணவர் உதைபந்தாட்ட அணியின் செயலாளர். இந்த ஊரில் ஆண்டுதோறும் பழைய மாணவர்களுக்கு ஒரு சுற்றுப்போட்டி நடக்கும். எத்தனை கல்லூரி சேர்ந்தாலும் கடைசியில் மோதுவது இரண்டுதான்: புளியந்துறை இந்துவும் மன்னார்ப் பக்கத்துப் புனித மத்தியாஸ் கல்லூரியும். கடந்த ஏழு வருடத்தில் மத்தியாஸ் ஐந்து தரம் கிண்ணம் தூக்கியிருந்தது. அந்த ஐந்து தோல்வியும் கோபாலசிங்கத்துக்கு ஐந்து பல் வலி.

கீர்த்திகன் இருபத்தாறு வயதுக்காரன். பந்து காலுக்கு வந்தால் கோலுக்குள் போய்த்தான் நிற்கும். நேப்பிள்ஸில் வேலையில்லாமல் இருந்தவனைக் கப்பலேற்றிப் பலேர்மோவுக்குக் கூப்பிட்டு எடுத்து, ஊருக்குப் போன அம்பிகைக்குப் பதிலாக வைத்தவர் கோபாலசிங்கம். அவன் பத்தாம் வகுப்பு வரைக்கும் புளியந்துறையில் படித்தவன். பிறகு தகப்பனுக்கு மன்னாருக்கு மாற்றம் கிடைத்ததால் கடைசி இரண்டு வருடம் மத்தியாஸில். இரண்டு கல்லூரியும் உரிமை கொண்டாடலாம். அவனுக்கு யார் வேலை பிடித்துக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கே அவன் கால்.

அன்று பின்னேரம் அம்பிகை அவரைப் பிடித்தாள்.

"என்ரை கையெழுத்தை வைக்க உங்களுக்கு ஆர் உரிமை தந்தது?"

"நீர் ஏன் இப்ப கத்துறீர்? நீர் வர நாளாகுது எண்டு சிஞ்ஞோராவின்ரை மகள் நிரந்தரமா வேறை ஆள் பாக்க வெளிக்கிட்டிட்டாள். வீடு எங்கடை கையை விட்டுப் போயிடும் எண்டுதான் அவசரத்திலை செய்தனான். ஃபைனல் முடியட்டும். பொடியனை அங்கையிருந்து எழுப்பிப்போட்டு உம்மை விடுறன்."

அம்பிகை பாதி நம்பினாள். நம்பியதற்குக் காரணம் இருந்தது. மாசி மாதம் தாய் செத்தபோது மூன்று கிழமை லீவில்தான் அவள் ஊருக்கு ஓடினாள். செத்த வீட்டில் இருக்கையில் கோபாலசிங்கம் போனில் சொன்னார்: அந்தரப்படாதையும், முப்பத்தோராம் நாள் சடங்கும் முடியட்டும், கோயில் திருவிழாவையும் பாத்திட்டு ஆறுதலா நிண்டு வாரும், இஞ்சை எல்லாம் நான் பாக்கிறன். வந்திருந்த சனத்துக்கெல்லாம் அவள் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டாள். இப்படிப்பட்ட மனிசன் ஆருக்குக் கிடைக்கும் என்று சித்திமார் பெருமூச்சு விட்டார்கள். அந்தக் கரிசனையில் மூன்று கிழமை மூன்று மாதமாகியிருந்தது.

சனிக்கிழமை காலை அணியின் சட்டைகளைத் தோய்த்து மடித்து அவருடைய பையில் வைக்கும்போது அவருடைய நோட்டுக் கொப்பி கையில் அகப்பட்டது. கணவனின் கொப்பியைக் கிளறுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் அட்டையில் 'எதிரியும் நாமும்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. திறந்தாள். வாசித்தாள். கட்டிலில் இருந்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தாள். பக்கத்தின் மேலே திகதி போட்டிருந்தது. அவளுடைய தாய் செத்த நாலாம் நாள். அவர் போன் எடுத்து ஆறுதலா நிண்டு வாரும் என்று சொன்ன அதே நாள்.

சட்டைகளை அப்படியே தரையில் கொட்டிவிட்டுக் கொப்பியைக் கைப்பைக்குள் வைத்தாள்.

அன்று நாலு மணிக்கு அல்பெர்கேரியாப் பகுதியின் மாதா கோவில் மண்டபத்தில் கூட்டம். இறுதிப் போட்டிக்கு இரண்டு அணியும் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். சுற்றுப்போட்டித் தலைவர் அருளையா இரண்டையும் உரத்து வாசிப்பார். முன்வரிசை முழுக்க ஆண்கள். பெண்களுக்கு வழக்கம்போலப் பின்மேசை, அதில் தேத்தண்ணியும் ரோல்ஸும். மத்தியாஸ் செயலாளர் விமலராஜின் மனைவி அருள்நாயகி பிளாஸ்கிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அருளையா முதலில் இந்துவின் பட்டியலை வாசித்தார். ஒன்பதாம் இலக்கம் கீர்த்திகன். பிறகு மத்தியாஸின் பட்டியலை வாசித்தார். பத்தாம் இலக்கம் கீர்த்திகன். மண்டபம் சந்தையாகிவிட்டது. அரைவாசிப் பேர் எழும்பி நின்று மற்ற அரைவாசிப் பேரைப் பார்த்துக் கை நீட்டினார்கள். நடுவில் கீர்த்திகன், ஏலத்துக்கு வந்த மாடு மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான்.

"கோபாலசிங்கம், முதல் நீர் சொல்லும்," என்றார் அருளையா.

கோபாலசிங்கம் எழும்பிச் சட்டையை இழுத்துவிட்டார். "கல்லூரித் தாயின் மானம் எண்டு ஒண்டு இருக்கு. நாங்கள் ஒருத்தரையும் ஆசை காட்டி இழுத்ததில்லை. எங்கடை பொடியள் கல்லூரியிலை வைச்ச பாசத்துக்காக விளையாடுறவை."

இதற்கு மேல் அம்பிகையால் இருக்க முடியவில்லை. மானமாம், தாயாம். அவள் தாயைப் பறிகொடுத்த நாலாம் நாளே அவளுடைய பிழைப்பில் கை வைத்தவருக்குத் தாய் என்ற சொல் எப்படித்தான் வாயில் வருகிறதோ. பின்மேசையிலிருந்து நடந்து முன்னால் வந்தாள்.

"அருளையா மாமா, இதையும் ஒருக்கா வாசிக்க வேணும். நானே வாசிக்கிறன்."

கோபாலசிங்கம் கொப்பியைக் கண்டார். முகம் செத்துப்போயிற்று. "அம்பிகை, இரும். வீட்டை போய்க் கதைப்பம்."

"மூண்டு மாசமா என்னோடை கதைக்காததை இனி வீட்டை போய் என்னத்தைக் கதைக்கிறது?"

வாசித்தாள்.

"மத்தியாஸ். ஆள் பலம்: முந்நூறு குடும்பம். ஞாயிறு பூசைக்கு வாற பொடியளிலையிருந்து பொறுக்கி எடுக்கினம், தேடித் திரியத் தேவையில்லை. கோல் காவலன் வண்டி வைச்சிட்டான், பதிஞ்சு வாற பந்துக்குக் குனியான். துறைமுகத்திலை வேலை செய்யிறவை மூண்டு பேர். பெரிய கப்பல் வந்தால் வரமாட்டினம்."

இந்துப் பக்கம் சிரிப்பு வெடித்தது. மத்தியாஸ் கோல் காவலன் றொஜர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"இந்து. ஆள் பலம்: தொண்ணூறு குடும்பம். அதிலை பாதி லண்டனுக்குப் போட்டுது. பொடியள் போனை விட்டிட்டுப் பந்தடிக்க வாறாங்கள் இல்லை. ஓட்டம் நல்லம், அறுபது நிமிசத்துக்குப் பிறகு நாக்குத் தள்ளும்."

இப்போது மத்தியாஸ் சிரித்தது. அருளையாவின் உதடும் கோணியது.

"மத்தியாஸுக்கு வேலை வீடு பிடிக்கிறது சுகம். பூசைக்கு வாற சிஞ்ஞோராமார் இருக்கினம். தரக்கூடிய வீடுகள்: குறைஞ்சது பத்து." அம்பிகை ஒரு கணம் நிறுத்தினாள். "இந்து. தரக்கூடிய வீடுகள்: ஒன்று. அம்பிகையின் சிஞ்ஞோரா. கீர்த்திகனுக்கு. நிரந்தரம். அம்பிகை இப்போதைக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீர்த்திகன் இல்லாட்டில் நாலுக்கு ஒண்டு தோல்வி. இருந்தால் ரெண்டுக்கு ரெண்டு, பெனால்டியிலை பாக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை.

"திகதியையும் வாசிக்கிறன். பெப்ரவரி பத்தொன்பது. அண்டைக்கு நான் அம்மாவின்ரை படத்துக்கு முன்னாலை இருந்தனான். என்ரை மனிசன் எவ்வளவு நல்லவர் எண்டு ஊர்ச்சனத்துக்குச் சொல்லிக்கொண்டு இருந்தனான்." அவள் கணவரைப் பார்த்தாள். "கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைச்சியளே. அதுவும் பெனால்டியிலை பாக்கலாம் எண்டதுக்கு."

கோபாலசிங்கம் எதையோ சொல்ல வாயெடுத்தார். "கல்லூரிக்காக..." என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

கீர்த்திகன் எழும்பினான். காற்சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அருளையாவின் மேசையில் வைத்தான். "எனக்கு இது தெரியாது அக்கா. அண்டைக்குக் கதவடியிலை தெரிஞ்ச பிறகும் குடுக்காமல் விட்டனான். அது என்ரை பிழை." அம்பிகை சாவியை எடுத்தாள். ஆறுதல் வரவில்லை. அவனும் பெர்மெசோ இல்லாமல் தெருவில் நிற்பான் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கோபமும் சேர்ந்து கணவர்மேல்தான் போனது.

அதற்குள் விமலராஜ் எழும்பிவிட்டார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று சும்மாவா சொன்னார்கள். முகத்தில் சிரிப்பு வழிந்தது. மடியில் வைத்திருந்த தன்னுடைய கொப்பியை ஒரு பக்கத்தில் விரல் வைத்துப் பிடித்துக்கொண்டு, கீர்த்திகனின் தோளில் கை போட்டார்.

"தம்பி, நீர் யோசியாதையும். மத்தியாஸ் தன்ரை பிள்ளையைக் கைவிடாது. எங்களிட்டை ஒரு வீடு இருக்கு. துறைமுகத்துக்குக் கிட்ட, நல்ல சனம். வாற மாசமே உம்மடை பேரிலை ஒப்பந்தம் எழுதலாம்."

பின்மேசையில் பிளாஸ்க்கை வைக்கிற சத்தம் கேட்டது.

"எந்த வீடு?" என்றாள் அருள்நாயகி.

விமலராஜ் திரும்பாமலே, "பிறகு சொல்லுறன்," என்றார்.

"துறைமுகத்துக்குக் கிட்ட எங்கடை ஆக்களிலை நான் ஒருத்திதான் வீட்டு வேலைக்குப் போறன்." அருள்நாயகி கையைத் துடைத்தபடி முன்னால் வந்தாள். சத்தம் போடுகிற பெண் அல்ல அவள். இப்போதும் போடவில்லை. "வாற கிழமை நான் ஊருக்குப் போறன், மடு மாதா கோவில் ஆடித் திருவிழாவுக்கு. நான் கேக்கேல்லை. நீங்களாத்தான் ரிக்கெற் எடுத்துத் தந்தனீங்கள். மூண்டு மாசத்துக்கு."

விமலராஜ் கீர்த்திகனின் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"ஆறுதலா நிண்டு வாரும் எண்டனீங்கள்," என்றாள் அருள்நாயகி.

அம்பிகை போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். அருள்நாயகி கணவருக்கு நேரே கையை நீட்டினாள்.

"அந்தக் கொப்பியை இஞ்சை தாங்கோ."