படாத அடிகள் நானூற்றுப் பன்னிரண்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, யாரும் தொடாமலே, புகார்ப் பிரிவு அதிகாரியின் வீட்டுச் சமையலறையில் இருந்த பெரிய எவர்சில்வர் அண்டா வலது பக்கம் மூன்று விரல் ஆழத்துக்கு நசுங்கியது. பத்து இருபதுக்கு ஒரு கரண்டி வளைந்தது. பத்து முப்பத்தைந்துக்கு ஒரு தட்டு நடுவில் குழிந்து, தரையில் ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. அன்று காற்றும் இல்லை, பூனையும் இல்லை, நில அதிர்ச்சியும் இல்லை. அதிகாரியின் மனைவி அடுப்பை அணைத்தார். கைப்பையிலிருந்து அளவுகருவியை எடுத்துக் குழிகளின் ஆழத்தை அளந்து, ஒரு நீல அட்டை நோட்டில் நேரத்தோடு எழுதி வைத்தார். பிறகு அடுப்பை மறுபடி பற்ற வைத்தார்.

அவர் எடை அளவு ஆய்வாளர். கடைகளின் தராசுகள் நேர்மையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. பார்த்ததை விடமாட்டார், பார்க்காததை எழுதமாட்டார். அதனால்தான் சின்னப் பால் பாத்திரத்தில் இரண்டு மாதமாக இருந்த ஒரு குழியை அவர் நோட்டில் சேர்க்கவில்லை. அது எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. அந்தக் குழியால் பாத்திரம் நாற்பது மில்லி குறைவாகப் பிடிக்கிறது என்பது மட்டும் தெரியும்.

கணவர் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். குழாய் உடைந்தது, தண்ணீர் மஞ்சளாக வருகிறது, வரவே இல்லை என்று ஊரார் எழுதும் கடிதங்களுக்கெல்லாம் "நேரில் ஆய்வு செய்யப்பட்டது, குறை ஏதும் இல்லை" என்று பதில் போடுவதில் அவருக்கு இருபத்தோரு வருட அனுபவம். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டே ஒரு கசிவை மறுத்தவர் என்று அலுவலகத்தில் அவரைப் பெருமையாகச் சொல்வார்கள். நாற்பத்தாறாவது வயதில் மருத்துவர் அவரை உடற்பயிற்சி செய்யச் சொன்னார். நடைப்பயிற்சி, நீச்சல் என்று மற்றவர்கள் போகிற வழியை விட்டு, டயர் கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் இயங்கிய கவசச் சண்டைச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஞாயிறுதோறும் பதினைந்து இருபது பேர் எழுநூறு வருடத்துக்கு முந்தைய போர்வீரர்களைப் போல இரும்பு உடுத்திக்கொண்டு அடித்துக்கொள்வார்கள். டயர் கடைக்காரர்தான் தலைவர். ஒரு பல் மருத்துவர், இரண்டு வக்கீல்கள், ஒரு கணக்கு வாத்தியார் என்று வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து தேய்ந்தவர்கள்தான் உறுப்பினர்கள். கவசம் இருபத்தாறு கிலோ. அதற்குள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சட்டை. ஒரு ஆட்டம் முடிந்தால் அதைப் பிழிந்து செடிக்கு ஊற்றலாம், செடி செத்துப்போகும். தலைக்கவசத்தில் பார்ப்பதற்கு ஒரு விரல் அகலத்தில் ஒரே ஒரு கீறல். முதுகுப் பக்கத்து வார்களைத் தானே கட்ட முடியாது என்பதால், யார் நம்மை அடிக்கப்போகிறாரோ அவரே வந்து "இறுக்கமா இருக்கா சார்?" என்று கேட்டுக் கட்டிவிடுவார். வாள்களுக்கு முனையும் கிடையாது, கூரும் கிடையாது, கனம் மட்டும் உண்டு.

சங்கத்துக்கு ஒரே ஒரு விதிதான் முக்கியம். அடி பட்டதா இல்லையா என்பதைப் பட்டவர்தான் சொல்ல வேண்டும். கவசத்துக்குள் நடப்பது வெளியே யாருக்கும் தெரியாது அல்லவா? அதனால் அடி வாங்கியவர் இடது கையைத் தூக்கி "பட்டது" என்று சொல்லி முட்டி போட்டுவிட வேண்டும். நடுவர் ஒருவர் இருந்தார்; தண்ணீர் இடைவேளை எப்போது என்று சொல்வதே அவர் வேலை. பல் மருத்துவர் இந்த விதிக்கு எடுத்துக்காட்டு. மேலே இலை விழுந்தால்கூட "பட்டது" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பதினோரு முறை செத்தவர், ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே.

அதிகாரிக்கு முதல் நாலு மாதம் கவசம் சேர்ப்பதிலும், அதைப் போட்டுக்கொண்டு விழாமல் நிற்பதிலும் போயிற்று. அந்த நாட்களில் ஒரு ஞாயிறு, மனைவி திரைச்சீலை மாற்ற முக்காலியில் ஏறித் தவறி விழுந்து இடது முன்கையை முறித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். கைக்குள் ஒரு எஃகுத் தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். அதிகாரி சாயங்காலம் தலைக்கவசத்தை அக்குளில் இடுக்கியபடி வந்தார். பயிற்சி நடுவில் போன் எடுக்க முடியாதாம், கையில் இரும்புக் கையுறையாம். "வலிக்குதா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார் மனைவி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஐந்தாம் மாதம் அதிகாரி களத்தில் இறங்கினார். வக்கீல் ஒருவர் அவர் தோளில் போட்ட முதல் அடி டயர் கடை வாசல் வரை கேட்டது. அதிகாரி கையைத் தூக்கவில்லை. "படல" என்றார். வக்கீல் இன்னொன்று போட்டார். "அதுவும் படல. உரசிட்டுப் போச்சு." குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள், இவர் மீசை தலைக்கவசத்துக்குள்ளேயே இருந்ததால் அந்தக் கவலையும் இல்லை. அவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. இருபத்தோரு வருடம் குறை இல்லை என்று எழுதி எழுதி, குறை எது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அன்றுதான் அண்டா நசுங்கியது.

மனைவி அவசரப்படவில்லை. ஏழு ஞாயிறு நேரம் குறித்தார். பிறகு சங்கத்தில் செல்போனில் எடுத்த வீடியோக்களை வாங்கி, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். அதிகாரி "படல" என்று தலையாட்டிய ஒவ்வொரு நொடிக்கும் வீட்டில் ஒரு பாத்திரம் நசுங்கியிருந்தது. ஏற்றுக்கொள்ளாத அடி எங்கும் போய்விடுவதில்லை, இறங்க இடம் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஏற்கெனவே நசுங்கிய பொருளை அது மறுபடி தொடாது. மெல்லிய அடிக்குக் கரண்டி போதும், கனமான அடிக்குக் கனமான இரும்பு வேண்டும். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கணவரிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, பழக்கதோஷத்தில் அடியில் "ஆய்வு செய்யப்பட்டது, குறை ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாம் வருடம் அவர் சங்கத்தின் வெல்ல முடியாத வீரர் ஆனார். 'படாதவர்' என்று பட்டப்பெயர் வந்தது. ஒரு பாராட்டுக் கூட்டமும் வைத்தார்கள். எவனும் எதையும் சும்மா பாராட்டுவதில்லை; பாராட்டியவர்கள் எல்லாரும் அடுத்த ஞாயிறே அவர் வழியைப் பிடித்தார்கள். வக்கீல்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. கணக்கு வாத்தியார் மட்டும் கொஞ்சம் தயங்கி, பாதி பட்டது என்று சொல்லிப் பார்த்தார். ஒரு ஆட்டம் மூன்று மணி நேரம் ஓடியது. யாரும் விழவில்லை, யாரும் ஜெயிக்கவும் இல்லை, எல்லாரும் வெற்றிக்கோப்பையோடு வீட்டுக்குப் போனார்கள். ஊரில் இருபது வீட்டுச் சமையலறைகள் நசுங்கின. பாத்திரக் கடைகளில் நல்ல பாத்திரம் தீர்ந்தது. அடுத்த ஊர்க் கடைகளிலும் தீர்ந்தது. தண்ணீர்க் குழாய்களும் நசுங்கியதால் புகார்கள் குவிந்து, மூட்டை மூட்டையாக அதிகாரியின் மேசைக்கே வந்து சேர்ந்தன. நேரில் ஆய்வு செய்யப்பட்டது, குறை ஏதும் இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் சலிக்காமல் பதில் போட்டார். மாறாமல் இருந்தவர் பல் மருத்துவர் ஒருவர்தான். ஞாயிறுதோறும் செத்துக்கொண்டே இருந்தார். அவர் வீட்டுக் கரண்டிகள் நேராக இருந்தன.

மூன்றாம் வருடம் ஆண்டுப் போட்டிக்கு முந்தின நாள் மாலை, மனைவி வீட்டிலுள்ள இரும்பை எல்லாம் எண்ணிப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டி, ஜன்னல் கம்பி, சைக்கிள் மணி, தாழ்ப்பாள், பீரோ என்று ஒன்று பாக்கியில்லை. நோட்டில் நானூற்றுப் பதினொன்று ஏறியிருந்தது. கணவர் கவசத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி எதிரில் போய் உட்கார்ந்தார்.

"என்னங்க, வீட்ல நசுங்காத இரும்பு ஒண்ணுதான் பாக்கி."

"எது?"

மனைவி இடது கையை நீட்டிக் காட்டினார்.

அதிகாரி கையைப் பார்த்தார், எண்ணெய்க் குப்பியைப் பார்த்தார். "ஊக்கு ஒரு பாக்கெட் வாங்கி வெச்சா போச்சு" என்றார்.

"ஊக்கு தாங்காதுங்க. நாளைக்குப் போடறது எல்லாம் பெரிய அடி."

"பட்டா சொல்ல மாட்டேனா? படலன்னா எப்படிம்மா சொல்றது?"

"சரி. நான் வந்து பாக்கறேன்" என்றார் மனைவி. மூன்று வருடத்தில் அவர் கிடங்குப் பக்கம் போனதே இல்லை. அதிகாரி ஊக்கு ஒரு பாக்கெட் வாங்கி வந்து சமையலறையில் வைத்தார்; தன் கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினார். மனைவிக்குத் தூக்கம் வரவில்லை. கை போனால் தராசு தூக்க முடியாது என்ற பயம் ஒரு பக்கம். இந்த மனுஷன் கை போனாலும் குறை இல்லை என்று எழுதிவிடுவாரோ என்ற பயம்தான் பெரிது.

மறுநாள் கிடங்கில் கூட்டம். மனைவி கயிற்றை ஒட்டி, கையில் நோட்டோடு நின்றார். இறுதி ஆட்டம் அதிகாரிக்கும் பல் மருத்துவருக்கும். மற்ற ஜோடிகளில் எல்லாரும் தோற்க மறுத்ததால், சீட்டுக் குலுக்கித்தான் ஆளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பல் மருத்துவர் வழக்கம்போல அதிகாரியின் முதுகு வாரைக் கட்டிவிட்டு, இறுக்கமா என்று கேட்டுவிட்டு, எதிரில் வந்து நின்று, இரண்டாவது நிமிடம் அவர் இடது தோளில் வாளை இறக்கினார். கிடங்குத் தகரம் அதிர்ந்தது.

"படல!" என்றார் அதிகாரி. யோசித்துச் சொன்னதில்லை. நாக்கு தானாகச் சொன்னது.

மனைவியின் கைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். முன்கை மணிக்கட்டுக்கு மேலே ஒரு பக்கம் வளைந்தது. முகம் வெளுத்தது, உதட்டைக் கடித்துக்கொண்டார், கத்தவில்லை. ஒரு விரல் அகலக் கீறல் வழியாகக் கணவர் பார்ப்பது தெரிந்ததும் தலையை ஆட்டி, "ஒண்ணுமில்ல. நீங்க ஆடுங்க" என்றார்.

அதிகாரி நின்றுவிட்டார். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். அவர் வாழ்நாள் முழுக்க எழுதியது அதே வாக்கியம்தான். இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. குறை ஏதும் இல்லை என்று ஒருவர் சொன்னால், குறை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று அப்போதுதான் கண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. கவசத்துக்குள்ளேயே அழுதார். துடைக்க வழியில்லை.

இடது கையைத் தூக்கி, "பட்டுச்சு" என்றார்.

"சார், படலன்னு சொன்னதை வாபஸ் வாங்க நம்ம விதியில இடமில்ல" என்றார் டயர் கடைக்காரர்.

"பட்டுச்சுங்க. நல்லாவே பட்டுச்சு" என்றார் அதிகாரி. மனைவியின் கை 'டக்' என்று நேரானது. அதே நேரம் அதிகாரியின் தோள் இறங்கி, அவர் முட்டி போட்டார். மூன்று வருடத்தில் அவர் முட்டி தரையைத் தொட்டது அன்றுதான்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்த அடியை நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி, உடனே கோடு போட்டு அடித்தார். பிறகு நோட்டின் முதல் பக்கத்தைப் பிரித்து, சந்தையில் தராசுச் சோதனை முடிவைப் படிக்கும் அதே குரலில் தேதி, மணி, நிமிடம் என்று படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் அதிகாரி "பட்டுச்சு" என்றார். ஒவ்வொன்றும் அவர் உடம்பில் வந்து இறங்கியது. ஐம்பதாவதில் படுத்துவிட்டார், படுத்தபடியே சொன்னார். பல் மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் கொடுத்தார். நடுவருக்கு இடைவேளை சொல்ல அன்றுதான் உண்மையான அவசியம் வந்தது. அதிகாரியின் தெருவில் இருந்தவர்கள், மத்தியானம் முழுக்கப் பூட்டிய வீட்டுக்குள் பாத்திரங்கள் டொக் டொக்கென்று நிமிரும் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள்.

அதிகாரி ஏழு வாரம் விடுப்பில் இருந்தார். வேலைக்குத் திரும்பிய அன்று முதல் புகாருக்கு "குழாய் உடைந்துதான் இருக்கிறது" என்று பதில் எழுதினார். அலுவலகம் மூன்று பேர் குழு அமைத்து அவருக்கு உடம்பு சரியில்லை என்று கண்டுபிடித்தது. வக்கீல்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையே நடக்கவில்லை என்கிறார்கள். அவர்கள் வீட்டு அண்டாக்கள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. பல் மருத்துவர்தான் இப்போது சங்கத் தலைவர்.

ஆனால் வீட்டில் ஒன்று மட்டும் நிமிரவில்லை: சின்னப் பால் பாத்திரம். விடுப்பின் கடைசி நாள் அதிகாரி அதை மேசைமேல் வைத்துக்கொண்டு, நினைவுக்கு வந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தார். மனைவியின் பிறந்த நாளை மறந்தது பட்டுச்சு. மாமனார் சாவுக்குத் தாமதமாகப் போனது பட்டுச்சு. பாத்திரம் கல்லுளிமங்கன் மாதிரி அசையாமல் இருந்தது.

"இது என்னோடது இல்ல போலிருக்கும்மா" என்றார்.

மனைவி பாத்திரத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் குழி எப்போது விழுந்தது என்று தனக்குத் தெரியாது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அடுப்பு முன்னால் போய் நின்றார். பிறகு கணவரைப் பார்க்காமலே பேசினார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில, வலிக்குதான்னு கேட்டீங்க இல்ல. ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

"ஆமா."

"காலைல பத்தரை மணிலேர்ந்து வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். ரொம்பப் பட்டுச்சுங்க."

பாத்திரம் அவர் கையிலேயே 'டொக்' என்று நிமிர்ந்தது. அதிகாரி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். மனைவி அதைக் கழுவி அடுப்பில் வைத்து, அளவுக்குவளையால் பாலை ஊற்றினார். முன்பைவிட நாற்பது மில்லி அதிகமாகவே பிடித்தது.