பின்னே என்றால் ஆமாம்தான்

பக்கவாதம் வந்து ரசலையனின் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோன பிறகு அவர் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். "பின்னே." சில நேரம் முன்னால் ஒரு "ஓ" சேர்ந்துகொள்ளும். அவ்வளவுதான். அருமனை சுற்றுவட்டாரத்தில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, சாவு அறிவிப்பு முதல் சபைக் கன்வென்ஷன் வரை கூவித் திரிந்த மனுஷன்! கடவுளுக்குக் கண் இல்லையா என்று ஊரே கேட்டது.

ஆனால் அவர் மனைவி நேசபாய்க்கு அந்த ஒரு சொல்லே போதும். "சொல்லுதான் போச்சும்மா, ராகம் போகல" என்று மார்த்தாண்டத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்வதற்கு முன்பே அவள் கண்டுபிடித்துவிட்டாள். இழுத்துச் சொன்னால் கஞ்சி வேண்டும். வெடுக்கென்று வெட்டினால் ஃபேனை நிறுத்து. காலை ஜெபத்தில் அதே சொல் தாழ்ந்து, நடுங்கி, ஆமென் போலவே வரும். மூக்கைச் சுளித்து, 'பி'யில் ஏறி 'ன்னே'யில் வழுக்கி விழுந்தால் மட்டும், ஊரில் ஆமாம் என்று பொருள்படும் அந்தச் சொல்லுக்கே அர்த்தம் தலைகீழ்: நடக்காது, போ! கல்யாணமான புதிதில் "எனக்கு ஒரு பட்டுசாரி எடுத்துத் தருவியளா?" என்று கேட்டதற்கு வந்தது அந்த ராகம்தான். முப்பத்தெட்டு வருஷமாகியும் பட்டு வரவில்லை.

மகன் லிஜினுக்கு அயர்லாந்து போக வேண்டும். அதற்கு மேற்கு விளையைத் தன் பெயருக்கு எழுதி வாங்கி விற்க வேண்டும். ரப்பர் நிற்கும் அந்த அறுபது சென்ட் மகள் ஜின்சிக்கு என்று, வாய் நன்றாக இருந்தபோது ரசலையன் நூறு தடவை சொல்லியிருக்கிறார். புருஷன் விட்டுப்போய், அண்டியாபீசில் முந்திரி உடைத்துப் பிழைக்கிறவள் அவள். சொன்னாரே தவிர எழுதி வைக்கவில்லை.

"அம்மா, எனக்கு வயசு முப்பத்தாறு. இனி ஒரு சான்ஸ் வராது" என்று லிஜின் அழுதான். வளர்ந்த பிள்ளை அழுதால் எந்தத் தாய்க்குத்தான் புத்தி நேராக இருக்கும்?

"அப்பாக்கு இஷ்டமில்லேங்கில் நான் ஒன் கூட நிக்கமாட்டேன் மக்களே" என்று மட்டும் நேசபாய் மகனிடம் சொல்லிவைத்தாள்.

ஜின்சி வேலைக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, ரசலையனைச் சக்கர நாற்காலியோடு பத்திரப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். அதிகாரி நாமக்கல் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், நல்ல மனுஷன்தான். எழுந்து நாற்காலி பக்கமே வந்து கேட்டார்.

"ஐயா, இந்த நிலத்தை உங்க மகனுக்கு எழுதிக் கொடுக்கறதுல உங்களுக்கு முழு சம்மதமாங்க?"

ரசலையன் மகனைப் பார்த்தார். மூக்கு சுளித்தது.

"ஓ, பின்னே!"

ஏறி, வழுக்கி, விழுந்தது. அதிகாரி சிரித்தார். ஆனாலும் ஒரு சந்தேகம்; நேசபாய் பக்கம் திரும்பினார்.

"உங்க ஊர்ப் பேச்சு எனக்கு இன்னும் பிடிபடலைம்மா. பின்னேன்னா ஆமான்னுதானே அர்த்தம்?"

லிஜின் அவளையே பார்த்தான். ரசலையனும் பார்த்தார், அவர் முகத்தில் பயமே இல்லை. தன் பேச்சை இவள் எடுத்துச் சொல்லிவிடுவாள் என்று நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதியைத்தான் அவளால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"ஆமா சார். பின்னேன்னா ஆமாந்தான்."

சொல்லில் பொய் இல்லை. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அதையே சொல்வார்கள். லிஜின் அப்பாவின் இடது பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினான். ரசலையன் கையை இழுக்கவில்லை.

வரும் வழியில் "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் கஞ்சி ஆறியது, ஃபேன் சும்மா ஓடியது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்தபோது ஜின்சி சண்டைகூடப் போடவில்லை. "அப்பாவா சம்மதிச்சாரு?" என்று மட்டும் கேட்டாள். நேசபாய் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சிட்டேதான் செய்தேன். பெரிய பாவம். என்னை ஏசிப் போடுங்க. எம்மேல வெறுப்பா? ஒண்ணு சொல்லுங்க."

ரசலையன் அவளைப் பார்த்தார்.

"ஓ. பின்னே."

ஏற்றமில்லை, இறக்கமில்லை. இழுப்பும் வெட்டும் இல்லை. அந்த அதிகாரி காதில் விழுந்த மாதிரி, வெறும் சொல். கோபமா, மன்னிப்பா, போய்த் தொலை என்பதா? முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக, தன் புருஷன் என்ன சொல்கிறார் என்று நேசபாய்க்குத் தெரியவில்லை.

"இன்னும் ஒருக்கா சொல்லுங்க" என்று கெஞ்சினாள்.

அவர் சொன்னார், அதே மாதிரி.