வெள்ளை மேடு, கறுப்புப் பள்ளம்

சுவரைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. துருப்பிடித்த ஷட்டர், பெயிண்ட் உரிந்த கதவு, ஈரம் பூத்த மதில், எது கண்ணில் பட்டாலும் நின்று போட்டோ எடுத்துவிடுவேன். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். அந்தச் சுவர்களில்தான் நான் முகங்களைக் கரைக்கிறேன். ஒருவருடைய போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதன் பின்னணியை நீக்கி, ஒரு சுவரின் மேல் வைத்து, ஓரங்களை மெல்ல மெல்ல அழித்து, கன்னம் எங்கே முடிகிறது, காரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி கலந்துவிடுவேன். இந்த ஊரில் இதை என்னைவிட நன்றாகச் செய்ய ஆள் கிடையாது. தற்பெருமைதான், அதற்கென்ன இப்போது?

அச்சடிப்பது என் அண்ணன். எங்கள் கடையின் பின்னறையில் கட்டில் அளவுக்கு ஒரு மிஷின் வைத்திருக்கிறான். அது மைக்கு மேல் மையை அடுக்கி, படத்தை மேடும் பள்ளமுமாக அச்சடிக்கும். எந்த இடம் எவ்வளவு உயரம் என்று அதற்குச் சொல்ல, வண்ணப் படத்தோடு ஒரு சாம்பல் நிறப் படமும் கொடுக்க வேண்டும். அதில் வெள்ளையாக இருப்பது மேடு, கறுப்பாக இருப்பது பள்ளம். அந்தச் சாம்பல் படத்துக்காக நாங்கள் என்றைக்கும் மெனக்கெட்டதில்லை. வண்ணப் படத்தையே கறுப்பு வெள்ளையாக்கி மிஷினிடம் தள்ளிவிடுவோம். வெடிப்பெல்லாம் பள்ளமாகும், உரியாத பெயிண்ட் மேடாகும், பார்க்கிறவர்கள் "அடேங்கப்பா" என்பார்கள். ஆறு வருடம் இப்படியே ஓடியது.

பிறகுதான் டெலிபோன் அக்கா வந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் செய்தால் முதலில் எடுத்துப் பேசுவது அவர்தான். அந்தக் குரல் எனக்குப் பல வருடப் பழக்கம், ஆளைப் பார்ப்பது அன்றைக்குத்தான். கையில் வெள்ளைக் கோல் இருந்தது. பிறவியிலேயே பார்வை கிடையாது என்று அவரே சொன்னார். கூட அவருடைய ஒரே மகள். பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர், இருபத்தைந்து வயது.

"இவ அடுத்த சனிக்கிழமை கிளம்புறா. கடல் தாண்டி வேலை. ரெண்டு வருஷம் வர முடியாதாம்," என்றார் அக்கா. "தினமும் காலையில முகத்தத் தடவித்தான் இவள எழுப்புவேன். குரல் போன்ல வந்துடும். முகம் வராதே? உங்க மிஷின் மேடு பள்ளமா அடிக்கும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. எனக்கு இவ முகத்த அடிச்சுத் தாங்க. இவ போறதுக்குள்ள வேணும். பக்கத்துல வெச்சு, ரெண்டையும் தொட்டுப் பார்த்தாதான் சரியா இருக்கான்னு தெரியும். இவ போயிட்டா அப்புறம் யார்கிட்ட கேக்குறது?"

மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா ஒரு வாரமா சரியா சாப்பிடல. வெளிய காட்டிக்க மாட்டாங்க. இது சரியா வரலேன்னா நான் போறதே சந்தேகம்தான்," என்றாள்.

"முகத்த என்கிட்ட விட்டுட்டு நிம்மதியா பெட்டி கட்டு," என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கடை ஜன்னலோரம் நிற்க வைத்து அவளைப் போட்டோ எடுத்தேன். இடப்பக்கத்திலிருந்து அருமையான வெளிச்சம். என்னிடமிருந்த சுவர்களிலேயே சிறந்ததை எடுத்தேன், மூன்று நிறங்கள் அடுக்கடுக்காக உரிந்த பழைய நீலச் சுவர். இரண்டு நாள் உட்கார்ந்து, முடி காரையோடு காரையாகப் போகும்படி கலந்தேன். அச்சாகி வந்ததும் அண்ணனே கை கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். அவன் எதையும் நின்று பார்க்கிற ஆள் இல்லை.

திங்கட்கிழமை டெலிபோன் அக்காவும் மகளும் வந்தார்கள். படத்தை மேஜையில் வைத்தேன். அக்காவின் பத்து விரல்களும் மேலிருந்து கீழே இறங்கின, மறுபடி மேலே ஏறின. நான் பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

"இது யாரு?" என்றார்.

"உங்க பொண்ணுதான்க்கா."

"இவளா? ஒரு கன்னம் பல்வலி வந்த மாதிரி வீங்கிக் கிடக்கு. இன்னொரு கன்னத்த காணவே காணோம். கண்ணு இருக்கற இடத்துல ரெண்டு குழி. முடி பூரா பள்ளத்துல விழுந்துருச்சு. பல்லு மட்டும் உதட்டத் தாண்டி வெளிய நிக்குது. ஏம்மா, இவ உங்கள என்ன பண்ணினா?"

என் முகத்தில் ஈயாடவில்லை. மகள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "போட்டோவுல எப்படி இருக்கோ அப்படியேதான் வந்திருக்கு," என்றேன்.

"அப்போ போட்டோவுக்குத்தான் பல்வலி," என்றார் அக்கா, அமைதியாக.

அவர்கள் போன பிறகு கண்ணை மூடிக்கொண்டு நானே தொட்டுப் பார்த்தேன். என் விரலடியில் மனித முகமே இல்லை. ஜன்னல் வெளிச்சம் விழுந்த கன்னம் வெள்ளை, அதனால் அது மேடு. நிழலில் இருந்த கன்னம் கறுப்பு, அதனால் அது பள்ளம். முடியும் புருவமும் கண்மணியும் கறுப்பு, பல் வெள்ளை. அவளுடைய முகத்தில் விழுந்த வெளிச்சத்தைத்தான் நான் அச்சடித்துக் கொடுத்திருந்தேன். ஆறு வருடமாக எல்லாருக்கும் அதையேதான் கொடுத்திருக்கிறேன். யாரும் கண்ணை மூடிக்கொண்டு தொடவில்லை, அதனால் தப்பித்தேன்.

"மன்னிப்பு கேட்டு அனுப்பிடு. இது நம்மால ஆகாது," என்றான் அண்ணன்.

"உன்னால ஆகாதுன்னு சொல்லு," என்றேன். ரோஷம்தான், வேறொன்றுமில்லை.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறைகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஓர் இடம், இம்மி நகராது. சுவர்களில் ஒன்றுமே மாட்டவில்லை. நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். மடியில் படம் வரைகிற பலகையை வைத்துக்கொண்டேன். "அக்கா, நீங்க தொட்டுச் சொல்லுங்க. எது மேடு, எது பள்ளம்னு. நான் வரையறேன்," என்றேன். கூடவே ஒரு விஷயத்தையும் ஒப்புக்கொண்டேன். "மிஷினால அஞ்சு மில்லிமீட்டருக்கு மேல எழுப்ப முடியாது. மூக்கு முழு உயரத்துக்கு வராது."

"பரவாயில்ல. எது எதவிட மேலன்னு சரியா இருந்தா போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவருடைய விரல்கள் மகளின் நெற்றியில் உட்கார்ந்தன. "நெத்தி சமமா இல்ல. நடுவுல ஒரு மேடு, ரெண்டு பக்கமும் சரியுது. கண்ணு குழி கிடையாதும்மா. மூடினா உருண்டையா மேல நிக்கும், இமைக்கு அடியில ஓடும். கன்னத்து எலும்பு வெளிய வந்து, காதுகிட்ட போய் காணாமப் போயிடும். மூக்குத் தண்டு பாதியில வலப்பக்கம் திரும்புது. ஏழு வயசுல ஊஞ்சல்லேர்ந்து விழுந்தா."

"என் மூக்கு திரும்பியிருக்கா?" என்றாள் மகள். "கண்ணாடியில அப்படித் தெரியலையே!"

நானும் உற்றுப் பார்த்தேன். நேரான மூக்கு. இந்தக் கண்களை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறேன், எனக்கே தெரியவில்லை. "நீயும் கண்ண மூடும்மா," என்று அக்கா என் கையைப் பிடித்து மகளின் மூக்கில் வைத்தார். இருந்தது. ஓர் அரிசி அளவுக்குத் திருப்பம், அதன் பிறகு மறுபடி நேராகிவிடுகிறது. ஆயிரம் முகங்களைக் கலந்தவள் நான், அன்றைக்குத்தான் ஒரு முகத்தை முதல்முறையாகச் சந்தித்தேன்.

கிளம்பும்போது பையிலிருந்து என் சுவர் மாதிரிகளை எடுத்து நீட்டினேன். "பின்னாடி எந்தச் சுவர் வைக்கட்டும்க்கா?"

"முகத்துக்குப் பின்னாடி சுவர் எதுக்கு?"

"அழகுக்குத்தான்."

அவர் கை மகளின் தலைக்குப் பின்னால் போனது. "எனக்கு இவ முகத்துக்குப் பின்னாடி எப்பவும் தலையணைதான். காலையில கைய நீட்டினா முதல்ல துணி படும். அப்புறம் முடி. அப்புறம் காது. அதுக்கப்புறம்தான் முகம். எந்த இடத்துல துணி முடிஞ்சு இவ ஆரம்பிக்கறான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

என் தொழிலின் மொத்த ரகசியத்தையும் அவர் சொல்லி முடித்துவிட்டார், அதுவும் ஒரு படத்தைக்கூடப் பார்க்காமல். மாதிரிகளைப் பையில் திணித்துக்கொண்டு தலையணை உறையைக் கேட்டு வாங்கினேன். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி. விரலுக்கு மட்டும் தெரிகிற சன்னமான வரிகள் ஓடின.

அதை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினால், ஒவ்வொரு நூலும் மற்றொன்றின் மேலேறிக் கீழிறங்கியது. அந்த நூல்களை முகத்துக்குள் எப்படி அனுப்புவது? வழக்கம் போல ஓரத்தை அழித்தால் விரலுக்குத் தடுக்கும். முடிக்கு அடியில் ஒவ்வொரு நூலாகத் தாழ்த்தினேன். காதோரம் சில நூல்களை மட்டும் மெலிதாக ஓடவிட்டேன். வெளிச்சமும் நிழலும் இல்லாத அந்தச் சாம்பல் படம் மூடுபனி மாதிரி இருந்தது. அண்ணன் எட்டிப் பார்த்து, "பேய் மாதிரி இருக்கு," என்றான். "உன்ன யாரு பாக்கச் சொன்னா?" என்றேன்.

உள்ளங்கை அளவுக்கு மூக்கையும் வாயையும் மட்டும் சோதனையாக அச்சடித்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தடவினார். "வணக்கம், எந்த வார்டு வேணும்? ஒரு நிமிஷம் இருங்க. ஏம்மா, மேல் உதடு ரொம்ப தடிமன். சார், உங்கள சொல்லல." மூன்று நாளில் நான்கு முறை ஓடினேன். நான்காவது முறை அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. அச்சுத் துண்டைத் திருப்பித் தரவும் இல்லை. அவர் கையிலிருந்து நான்தான் மெதுவாக வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை நானும் அண்ணனும் படத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். வாசலில் டாக்ஸி நின்றது. கதவருகே இரண்டு பெட்டிகள். மேஜையில் படத்தை வைத்ததும் மகள் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். இது தவறினால் திருத்த இன்னொரு நாள் கிடையாது.

அக்காவின் இடது கை படத்தின் ஓரத்தில் இறங்கியது. துணி. கை சட்டென்று மெதுவானது. தூங்குகிறவளை அலுங்காமல் எழுப்பப் போகிற கை அப்படித்தான் போகும் என்று அப்போது புரிந்துகொண்டேன். துணியிலிருந்து முடி, முடியிலிருந்து காது. எங்கும் தடுக்கவில்லை. வலது கை மேலே போய் மகளின் முகத்தைத் தேடிப் பிடித்தது. பிறகு இரண்டு கைகளும் சேர்ந்து நடந்தன. நெற்றியில் நெற்றி, இமையில் இமை. மூக்கின் பாதியில் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றன, ஒரே பக்கம் திரும்பின.

ஒரு முகம் அந்த அறையில் இரண்டு இடத்தில் இருந்தது. அதை நான்தான் செய்தேன் என்று என்னால் நம்ப முடியவில்லை. நான் செய்ததாகத் தோன்றவும் இல்லை. எதற்கும் கலங்காத என் அண்ணன் ஜன்னல் கொக்கியை ஆராயப் போய்விட்டான்.

வெளியே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். மகள் அசையவில்லை. "அம்மா, சரியா இருக்கா?" என்றாள்.

அக்காவின் இரண்டு கைகளும் தாடை வரைக்கும் இறங்கி, அங்கே கொஞ்ச நேரம் இருந்தன. பிறகு ஒரு கையை எடுத்தார். மகளின் முகத்தில் இருந்த கையை.

"இருக்கா. இங்கதான் இருக்கா," என்றார். "நீ கிளம்பு குட்டி, வண்டி நிக்குது."