ஓடைக்கரை வலைவேலி

புத்தாண்டு கழிந்த முதல் வாரத்தில் பக்கத்துப் பண்ணை ஹெத்வின் மெலெரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தன் ஆட்டு மந்தையில் சொறி கண்டிருக்கிறது என்று சொன்னான். வேல்ஸின் அந்தப் பள்ளத்தாக்கில் அது எழுதாத சட்டம். சொறி கண்டவன் அன்றே பக்கத்துப் பண்ணைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். அவள் நன்றி சொல்லிப் பேச்சை முடித்தாள். முடித்த கையோடு வேலிக்கம்பி விற்பவனைக் கூப்பிட்டாள்.

இரண்டு பண்ணைகளின் தாழ்ந்த புல்வெளிகளும் ஓடைக்கரையில் அடுத்தடுத்துக் கிடந்தன. ஹெத்வினுடையது தண்ணீர் வரும் பக்கம். இரண்டுக்கும் நடுவே, மலைச்சரிவிலிருந்து ஓடை வரை இறங்கிய பழைய வேலி மக்கிப்போயிருந்தது. மெலெரியின் ஆடுகள் சினையாக இருந்தன. சொறி ஒட்டினால் ஆடு மேய்ச்சலை மறந்து உடம்பைத் தேய்த்துக்கொண்டே நிற்கும், வற்றிப்போகும், குட்டி தங்காது. முன்பொரு வருஷம் அவள் அப்படி இழந்திருக்கிறாள்.

புதுவேலி எது என்பதில் புருஷனுக்கும் அவளுக்கும் ஒரு வாரம் இழுபறி. ஓடைக்கரையில் வெறும் கம்பிதான் சரி என்றான் ஈஸ்டின். நாலு வரிசை, கம்பத்தில் தண்ணீர் போகும் பக்கமாக, ஆணியை முழுக்க அடிக்காமல். வெள்ளம் வந்தால் கம்பி கழன்று போகும், கம்பம் நிற்கும். அவளுக்கு வேண்டியது தரையோடு ஒட்டிய வலைக்கம்பி.

"சொறி புடிச்ச ஆடு நாலு கம்பிக்கு நிக்குமா? முதுகு தேய்க்கவே நுழையும்."

"ஆட்டுக்கு வேலி கட்டுறியா, ஓடைக்கு அணை கட்டுறியா?" என்றான் அவன்.

வலைதான் வந்தது. அவளே ஆணிகளைக் கம்பத்துக்குள் தலை மறைய அடித்தாள். மறுபக்கம் நின்று பார்த்த ஹெத்வின், "நல்லா இறுக்கமா இருக்கு," என்றதோடு சரி.

பிப்ரவரியில் மூன்று நாள் விடாத மழை. மலையில் கிடந்த பனியும் சேர்ந்து கரைந்தது. நாலாம் நாள் காலை ஓடை கரையேறிவிட்டது என்று கேட்டு மெலெரியும் ஈஸ்டினும் இறங்கி ஓடினார்கள்.

மெலெரியின் புல்வெளியில் கணுக்கால் தண்ணீர்தான். வேலிக்கு அந்தப் பக்கம் வேறு உலகம். செத்த புதர், கிளை, தீவனம் பொதிந்த கறுப்புப் பிளாஸ்டிக் எல்லாம் வலையில் வந்து அப்பி, வேலி சுவராகியிருந்தது. தேங்கிய நீரில் ஹெத்வினின் ஆடுகள் வயிறு மூழ்க, வேலியோரம் நெருக்கியடித்து நின்றன. அவை மேட்டுக்கு ஏறும் வழியில் கிடந்த பழைய வாய்க்கால் முதலில் நிரம்பிவிட்டது. வாய்க்காலுக்கு அப்பால் ஹெத்வின் நின்றிருந்தான். அவனால் வேலிக்கு வர முடியாது. அவளால் முடியும்.

முதல் மருந்து பிடிக்கவில்லை, இரண்டாவது ஊசி இப்போதுதான் போட்டது, சொறி இன்னும் ஒட்டும் என்று அவன் போன வாரம்தான் சொல்லியிருந்தான்.

அவள் ஈஸ்டினையும் நாயையும் தன் மந்தைப் பக்கம் விரட்டினாள். மேட்டு வயலுக்குள் தன் ஆடுகள் எல்லாம் ஏறிவிட்டால் அதன் வாசலை அடைக்கலாம், பிறகு வேலியை வெட்டலாம். கையில் கம்பி வெட்டும் குறடு. சரிவோரக் கடைசிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காத்தாள். சினையாடுகள் அவசரம் அறியாமல் நடந்தன. நாயை விட்டு நெருக்கினால் குட்டி கலையும் என்று பயம்.

"மெலெரி, வெட்டு," என்றான் ஹெத்வின்.

"என்னுது ஏறட்டும். கொஞ்சம் பொறு."

நீர் ஆடுகளின் முதுகைத் தொட்டது. ஓடைப்பக்கம் நின்ற ஒன்று கால் தவறியது, கம்பளி நனைந்த கனத்தில் அப்படியே உள்ளே போனது. தலை மறுபடி தெரியவில்லை.

ஹெத்வின் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் அது கேட்டது. "சொறின்னு நான் சொல்லாம இருந்திருந்தா, நீ நாலு கம்பிதான் கட்டியிருப்ப."

அவள் திரும்பிப் பார்த்தாள். தன் மந்தையில் பாதிதான் ஏறியிருந்தது.

ஆணியைப் பிடுங்கப் பார்த்தாள். தலை மறைய அடித்த ஆணியில் குறட்டுக்குப் பிடி கிடைக்கவில்லை. வலையைத்தான் ஒவ்வொரு கண்ணாக வெட்ட வேண்டும். வெள்ளத்தின் கனத்தில் முறுகி நிற்கும் கம்பி அறுந்தால் முகத்தைக் கிழிக்கும். தலையைக் கம்பத்துக்குப் பின்னால் மறைத்து, கையை மட்டும் நீட்டி மேலிருந்து கீழாக வெட்டினாள். கீழே இரண்டு வரிசை மிச்சமிருந்தபோது வலை தானாகவே கிழிந்தது. குப்பையோடு கதவு போல ஓடைப்பக்கம் சுழன்று போயிற்று. அதன் இழுப்பில் கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டன. தண்ணீர் அவள் இடுப்பில் மோதிக் கடந்தது. ஆடுகள் அதனோடு வந்தன, சில நீந்தி, சில உருண்டு.

கால் ஊன்றியதும் அவை மேட்டைத் தேடின. மேடு என்றால் அந்த வயல் வாசல்தான்.

அவளுடைய கடைசி ஆடு அப்போதுதான் உள்ளே நுழைந்தது. ஈஸ்டின் வாசற்கதவைப் பாதி இழுத்துப் பிடித்தபடி அவளைப் பார்த்தான். வெளியே நீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. நனைந்த ஆடுகள் கதவை நோக்கி வந்தன. பல ஆடுகளின் தோளில் கம்பளி உதிர்ந்த சிவந்த திட்டு அங்கிருந்தே தெரிந்தது.

"அடைக்கவா?" என்றான்.

மெலெரிக்குக் குளிரில் பற்கள் கிட்டிப்போயிருந்தன.

"திறந்து வை," என்றாள்.

அவன் கதவை முழுக்கத் தள்ளி, ஒதுங்கி நின்று, நாயைக் காலடியில் படுக்கச் சொன்னான்.